சிறிய அரசு சிறப்புக் கல்விப் பள்ளியின் மாணவர் கணக்கைப் படிப்பது எப்படி: அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

உங்கள் பிள்ளைக்கு ஐஇபி, அதாவது சிறப்புக் கல்விக்காகப் பள்ளி எழுதித் தரும் தனித் திட்டம், இருக்கிறது. ஊர்ப் பள்ளியில் தரும் உதவி போதவில்லை, தனியாக இயங்கும் ஒரு சிறப்புக் கல்விப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று மீட்டிங்கில் ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் டிஸ்ட்ரிக்ட் சொல்கிறது. வீடு திரும்பியதும் அந்தப் பள்ளியின் பெயரை இணையத்தில் தேடுகிறீர்கள். மொத்தம் அறுபது எழுபது பிள்ளைகள், இனவாரியாகச் சில சதவீதங்கள், இலவச மதிய உணவு பெறுவோர் இத்தனை பேர், ஆசிரியருக்கு ஏழு மாணவர், நடுவில் நாலைந்து நட்சத்திரக் குறிகள். இதை வைத்து நல்ல பள்ளியா, கெட்ட பள்ளியா என்று முடிவு கட்டத் தோன்றும். தயவு செய்து கட்டாதீர்கள்.

சாதாரணப் பள்ளிக்குப் பிள்ளைகள் வீட்டு முகவரியால் வந்து சேர்கிறார்கள். சிறப்புக் கல்விப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் வேறொரு டிஸ்ட்ரிக்டில் நடந்த ஒரு ஐஇபி மீட்டிங் இருக்கிறது. அதனால் அந்தப் பக்கத்தில் இருக்கும் எண்கள் பள்ளியைப் பற்றிச் சொல்வதைவிட, யார் யாரை எதற்காக அங்கே அனுப்பினார்கள் என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்கின்றன. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

முதல் படி: பள்ளியை நடத்துவது யார், அனுப்புவது யார்

மத்திய அரசின் கல்விப் புள்ளிவிவர மையமான என்சிஇஎஸ், அரசுப் பள்ளிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது: வழக்கமான பள்ளி, சிறப்புக் கல்விப் பள்ளி, தொழிற்கல்விப் பள்ளி, மாற்றுப் பள்ளி. சிறப்புக் கல்விப் பள்ளி என்று குறிக்கப்பட்டவை நாடு முழுக்க ஏறத்தாழ 2,000. முதலில் பள்ளியின் வகையைப் பாருங்கள். பெயரில் 'அகாடமி' அல்லது 'லேர்னிங் சென்டர்' என்று மட்டும் இருக்கலாம். வகைதான் உண்மையைச் சொல்லும்.

அப்புறம் நிர்வாகம். நியூ ஜெர்சியில் சில கவுண்டிகளில் 'ஸ்பெஷல் சர்வீசஸ் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' உண்டு, வேறு சில இடங்களில் 'எஜுகேஷனல் சர்வீசஸ் கமிஷன்' உண்டு. நியூயார்க் மாநிலத்தின் பெரும்பாலான பகுதிகளில் போசீஸ், நியூயார்க் நகரத்துக்குள் டிஸ்ட்ரிக்ட் 75. பென்சில்வேனியாவில் இன்டர்மீடியட் யூனிட். மிச்சிகனில் இன்டர்மீடியட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். எல்லாமே பல ஊர்கள் அல்லது பகுதிகளின் பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்க்கும் அமைப்புகள்தான். பள்ளி நிற்கும் ஊரும் பிள்ளைகள் வரும் ஊர்களும் வேறு வேறு.

டிஸ்ட்ரிக்ட் 75-ல் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே ஒரே பள்ளி பல கட்டடங்களில் இயங்கும். பல நேரம் சாதாரணப் பள்ளிக் கட்டடங்களில் சில அறைகளில் நடக்கும். இணையத்தில் நீங்கள் பார்க்கும் எண் எல்லாக் கிளைகளையும் கூட்டியது. உங்கள் பிள்ளை போகப்போகும் கிளையில் எத்தனை பேர் என்பதைப் பள்ளியைக் கேட்டால்தான் தெரியும்.

சில பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கை 0 என்றே காட்டும். பயப்பட வேண்டாம். அங்கே படிக்கும் பிள்ளைகளை அவர்களின் சொந்த ஊர்ப் பள்ளிக் கணக்கிலேயே வைத்திருப்பார்கள். சில மாநிலங்களில் தேர்வு மதிப்பெண்ணும் அனுப்பிய டிஸ்ட்ரிக்டின் கணக்கில்தான் சேரும்.

இரண்டாம் படி: எந்த ஆண்டின் கணக்கு

தேசிய அளவிலான கணக்கு பொதுவாக ஓரிரு ஆண்டு பின்தங்கியே வெளிவரும். 2025 மார்ச்சில் என்சிஇஎஸ் ஊழியர்களில் மிகப் பெரும்பாலோரை வேலையிலிருந்து நீக்கிவிட்டதால், அதை மட்டும் நம்பி இருக்க முடியாத நிலை. 2015-ல் வந்த எஸ்ஸா என்ற மத்திய பள்ளிக் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் தன் பள்ளிகளுக்கு ஆண்டறிக்கை வெளியிட வேண்டும். அந்த மாநில அறிக்கைதான் உங்களுக்கு முதல் ஆதாரம். பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் தனியார் தளங்கள் இந்த அரசு எண்களையே எடுத்துப் போடுகின்றன. அவை தரும் '10-க்கு 2' போன்ற மதிப்பெண்ணைச் சிறப்புக் கல்விப் பள்ளி விஷயத்தில் முழுவதும் ஒதுக்கிவிடுங்கள். அந்த மதிப்பெண் தேர்வு முடிவுகளிலிருந்து வருகிறது. இந்தப் பிள்ளைகளில் பலர் எழுதுவது வழக்கமான தேர்வுக்குப் பதிலான மாற்றுத் தேர்வு.

மூன்றாம் படி: சதவீதத்தைப் பிள்ளைகளாக மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான வேலை இதுதான், ஒரு தாளும் பேனாவும் போதும்.

கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 64 பேர். ஹிஸ்பானிக் 21, கறுப்பினத்தவர் 17, வெள்ளையர் 16, ஆசியர் 7, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனம் 3. ஆண்கள் 49, பெண்கள் 15.

64 பேர் உள்ள பள்ளியில் ஒரு பிள்ளை என்றால் சுமார் 1.6 சதவீதம். ஆசியர் 7 பேர், அதாவது 10.9 சதவீதம். அடுத்த ஆண்டு அவர்களில் ஒரு குடும்பம் டெக்சாஸுக்கு மாறிப் போகிறது, ஒரு பிள்ளைக்குப் பள்ளியில் இருப்பதற்கான வயது வரம்பு முடிந்துவிடுகிறது, இன்னொரு பிள்ளை ஊர்ப் பள்ளிக்குத் திரும்புகிறது. வேறு இனங்களில் இருவர் புதிதாகச் சேர்கிறார்கள். இப்போது ஆசியர் மொத்தம் 63-ல் 4 பேர், 6.3 சதவீதம். 'ஆசிய மாணவர் பங்கு 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தது' என்று வரைபடம் கீழே இறங்கும். நடந்தது மூன்று வீடுகளில் நடந்த மூன்று தனித்தனி விஷயங்கள். அதில் பிள்ளை தேறி ஊர்ப் பள்ளிக்குத் திரும்பியது நல்ல செய்தி.

அதனால் ஒரே ஆண்டைப் பார்த்து எதையும் சொல்லாதீர்கள். நான்கைந்து ஆண்டுகளின் எண்ணிக்கையை வரிசையாக எழுதுங்கள், சதவீதமாக இல்லாமல் தலைகளாக எழுதுங்கள். மொத்த எண்ணிக்கையே 64-லிருந்து 40-க்கு இறங்கிக்கொண்டே வந்தால், அது உண்மையிலேயே கேட்க வேண்டிய கேள்வி. டிஸ்ட்ரிக்டுகள் சொந்தமாக வகுப்பு தொடங்கிவிட்டனவா? கட்டணம் கட்டுப்படியாகவில்லையா? பள்ளியை மூடப் போகிறார்களா?

நான்காம் படி: வகுப்பு வரிசையைப் படிப்பது

இரண்டு இடங்கள் விசித்திரமாகத் தெரியும். ஒன்று, 'அன்கிரேடட்' என்ற வரிசை. வகுப்பு எண் இல்லாமல் தேவையைப் பார்த்துக் குழுவாகப் பிரிக்கும் பள்ளிகளில் பிள்ளைகள் இதில் வருவார்கள். இன்னொன்று பன்னிரண்டாம் வகுப்பில் வரும் வீக்கம். ஒன்பதில் 5, பத்தில் 6, பதினொன்றில் 5, பன்னிரண்டில் திடீரென்று 17 என்று இருக்கும்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. ஐடியா என்ற மத்திய சிறப்புக் கல்விச் சட்டம் 3 வயது முதல் 21 வயது வரை சிறப்புக் கல்விக்கு வழி செய்கிறது. எந்த நாளோடு முடிகிறது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிச்சிகனில் 26 வயது வரை உண்டு. பதினெட்டு வயதில் பட்டயம் வாங்காமல் தொடரும் பிள்ளைகளை எல்லாம் பல பள்ளிகள் பன்னிரண்டிலேயே வைத்து எண்ணுகின்றன. அந்த 17 பேரில் பலர் வேலைப் பயிற்சியிலும் தினசரி வாழ்க்கைப் பயிற்சியிலும் இருக்கும் 19, 20 வயதுக்காரர்கள்.

இது உங்களுக்கு ஏன் முக்கியம்? உங்கள் பிள்ளைக்கு ஏழு வயது, ஆனால் பள்ளியில் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பில் மொத்தமே நான்கு பேர் என்றால், அவனுடைய வகுப்பில் வயது வித்தியாசம் எவ்வளவு இருக்கும் என்று கேட்க வேண்டும். ஒரு வகுப்புக்குள் எத்தனை ஆண்டு வயது இடைவெளி இருக்கலாம் என்பதற்குப் பல மாநிலங்களில் விதி இருக்கிறது. இளம் பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளியில் அந்த விதி எப்படிப் பின்பற்றப்படுகிறது என்பதே உங்கள் முதல் கேள்வி.

ஐந்தாம் படி: நட்சத்திரக் குறிகள்

எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரமோ, '10-க்குக் கீழ்' என்றோ இருந்தால், யாரோ மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் மாணவர்களின் அந்தரங்கத்தைக் காக்கிறது. ஒரு பிரிவில் இரண்டே பேர் இருந்தால், அந்த இருவர் யார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்றை மாநிலங்கள் வைத்திருக்கின்றன. அதற்குக் கீழே போனால் வெளியிட மாட்டார்கள். மற்றப் பிரிவுகளைக் கூட்டிக் கழித்து அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகப் பக்கத்துப் பிரிவையும் சேர்த்து மறைப்பார்கள்.

சிறிய பள்ளி என்றால் பக்கம் முழுக்க நட்சத்திரமாகத்தான் இருக்கும். அதைக் குடைந்து பார்க்க வேண்டாம், வாட்ஸாப் குழுவில் 'அந்த ஒரு இந்தியப் பையன் யார்' என்று விசாரிக்கவும் வேண்டாம். நாளைக்கு நம் பிள்ளையும் அதே நட்சத்திரத்துக்குப் பின்னால்தான் இருக்கப் போகிறான்.

ஆறாம் படி: இனவாரிக் கணக்கை எதோடு ஒப்பிடுவது

பள்ளிகள் ஏழு பிரிவுகளில் கணக்குத் தருகின்றன. ஹிஸ்பானிக்கா என்ற கேள்வி முதலில். ஆம் என்றால் இனம் எதுவானாலும் அந்தப் பிள்ளை ஹிஸ்பானிக் கணக்கில் போகும். மற்றவர்கள் ஐந்து இனங்களில் ஒன்றிலோ, 'இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனம்' என்பதிலோ வருவார்கள். தமிழ்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, ஃபிலிப்பினோ பிள்ளை எல்லோரும் 'ஆசியர்'. ஆகவே 'ஆசியர் 7' என்பதைப் பார்த்து நம்மவர்கள் இருக்கிறார்கள் என்று முடிவு செய்ய வழியில்லை. படிவத்தை நீங்கள் நிரப்பாமல் விட்டால் பள்ளி ஊழியரே பார்த்து ஒரு இனத்தைக் குறிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. நிரப்பிவிடுங்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு இந்தப் பிரிவுகளைத் திருத்தி மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கப் பிரிவைப் புதிதாகச் சேர்த்தது. அது பள்ளிக் கணக்குகளில் வந்து சேர இன்னும் காலம் எடுக்கும். அப்போது பழைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போது கவனம் தேவை.

பலரும் செய்வது பள்ளியின் இனக் கணக்கை, பள்ளி இருக்கும் ஊரின் மக்கள்தொகையோடு ஒப்பிடுவது. அந்த ஒப்பீடு எதையும் சொல்லாது. அனுப்பும் டிஸ்ட்ரிக்டுகளில் உள்ள ஐஇபி பிள்ளைகளின் இனக் கணக்கோடுதான் ஒப்பிட வேண்டும். அங்கே ஐஇபி உள்ளவர்களில் கறுப்பினப் பிள்ளைகள் 12 சதவீதம், ஆனால் தனிப் பள்ளியில் 27 சதவீதம் என்று பல ஆண்டுகள் தொடர்ந்து இருந்தால், அதைச் சும்மா கடந்து போகக் கூடாது. ஒரே மாதிரியான சிரமம் உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு ஊர்ப் பள்ளியில் உதவியும் இன்னொருவனுக்குத் தனிப் பள்ளியும் கிடைக்கிறதா என்ற கேள்வி அது. ஐடியா சட்டத்தின் 2004 திருத்தம் இத்தகைய இன ஏற்றத்தாழ்வை மாநிலங்கள் கணக்கெடுக்க வேண்டும் என்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளைத் தனி மையங்களில் பிரித்து வைத்த முறையை எதிர்த்து 2016-ல் மத்திய நீதித்துறையே வழக்குத் தொடுத்தது.

நம் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைப்பவர்களிடம் நான் உடன்படவில்லை. உங்கள் பிள்ளையின் வகுப்புத் தோழர்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்பது உங்கள் பிள்ளை அங்கிருந்து எப்படித் திரும்புவான் என்பதோடு சேர்ந்தது.

ஏழாம் படி: ஆண், பெண்

64-ல் 49 ஆண்கள் என்பதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். நாடு முழுக்கவே அப்படித்தான். 2020-21 கல்வியாண்டில் அரசுப் பள்ளி ஆண் பிள்ளைகளில் 18 சதவீதமும் பெண் பிள்ளைகளில் 10 சதவீதமும் ஐடியா சேவை பெற்றார்கள். ஆட்டிசத்தில் இடைவெளி இன்னும் பெரிது. மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2025 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கில், எட்டு வயதுப் பிள்ளைகளில் 31 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவராக அடையாளம் காணப்பட்டார்; பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் அது 3.4 மடங்கு அதிகம்.

உங்களுக்குப் பெண் பிள்ளை என்றால் இந்த எண் வேறு மாதிரி கனக்கும். 15 பெண் பிள்ளைகள் எட்டு ஒன்பது வகுப்புகளில் பிரிந்தால், உங்கள் மகள் வகுப்பில் ஒரே பெண்ணாக இருக்கலாம். கழிவறை உதவிக்குப் பெண் ஊழியர் எப்போதும் இருப்பாரா, வயதுக்கு வரும் நேரத்தில் கற்றுக்கொடுப்பது யார், மதிய உணவு நேரத்திலாவது மற்றப் பெண் பிள்ளைகளோடு சேர்வாளா என்று கேளுங்கள். கூச்சப்பட்டு விட்டுவிடும் கேள்விகள் இவை. முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும்.

எட்டாம் படி: இலவச உணவு, ஆங்கிலம் கற்போர், வருகை

இலவச உணவு எண்ணை வறுமையின் அளவாக எடுத்துக்கொள்வது பழைய பழக்கம். வருமானம் வறுமைக் கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவசம், 185 சதவீதத்துக்குள் இருந்தால் குறைந்த விலை என்பது அடிப்படை விதி. ஆனால் சிஇபி என்ற ஏற்பாட்டில் சேர்ந்த பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம், யாரும் படிவம் நிரப்புவதில்லை. அந்த ஏற்பாட்டில் சேர, அரசு உதவித் திட்டங்கள் வழியாக நேரடியாக அடையாளம் காணப்பட்ட பிள்ளைகள் 40 சதவீதம் இருக்க வேண்டும் என்று இருந்தது. 2023-ல் அது 25 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே '100 சதவீதம் இலவச உணவு' என்றால் எல்லாரும் ஏழைகள் என்று பொருளில்லை. எந்த முறையில் எண்ணினார்கள் என்று தெரியாமல் இரண்டு பள்ளிகளை இதில் ஒப்பிட முடியாது.

ஆங்கிலம் கற்போர் வரிசையில் நமக்கு நேரடித் தொடர்பு உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி பற்றிய படிவம் தருவார்கள். 'தமிழ்' என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் சோதனை வைப்பார்கள். அதற்குப் பயந்து 'ஆங்கிலம்' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். உண்மையை எழுதுங்கள். சிறப்புக் கல்வி தருகிறோம், அதனால் ஆங்கிலம் கற்போருக்கான உதவி கிடையாது என்று பள்ளி சொல்ல முடியாது, இரண்டும் உரிமை. ஐஇபி மீட்டிங்கில் பெற்றோருக்குப் புரிவதற்காக மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வதும் பள்ளியின் கடமை. தாத்தா பாட்டியோ, ஆங்கிலத்தில் தயக்கம் உள்ள அம்மாவோ மீட்டிங்கில் இருந்தால் இதைக் கேட்டு வாங்குங்கள். பேச்சு தாமதமான பிள்ளையிடம் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மொழி வளர்ச்சிக்குக் கெடுதல் செய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை.

வருகைக் கணக்கில் பத்தில் ஒரு பங்கு நாள்களோ அதற்கு மேலோ வராதவர்கள் என்று ஒரு எண் இருக்கும். 180 நாளில் 18 நாள். வலிப்பு, அறுவை சிகிச்சை, தெரபி என்று பல பிள்ளைகளுக்கு அவ்வளவு நாள் போய்விடும். இந்த எண் உயர்ந்திருந்தால் பஸ் ஏற்பாடு, நர்ஸ் வசதி பற்றிக் கேளுங்கள், அவ்வளவு போதும்.

ஒன்பதாம் படி: ஆசிரியர் விகிதம்

'ஆசிரியருக்கு 7 மாணவர்' என்ற எண்ணில் பாரா எனப்படும் வகுப்பு உதவியாளர்கள் சேர மாட்டார்கள். நியூயார்க்கில் வகுப்புகளை 6:1:1, 8:1:1, 12:1:1, 12:1:4 என்று எழுதுவார்கள்: மாணவர், ஆசிரியர், உதவியாளர். பல வகைக் குறைபாடுகள் சேர்ந்துள்ள பிள்ளைகளுக்கான 12:1:4 வகுப்பு, பள்ளிப் பக்கத்தில் '12 பேருக்கு ஓர் ஆசிரியர்' என்ற மாதிரித் தெரியும். உண்மையில் அறைக்குள் ஐந்து பெரியவர்கள். 8:1:1 வகுப்பில் ஆசிரியர் விகிதம் அழகாகத் தெரியும், ஆனால் பெரியவர்கள் இருவர்தான்.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை: என் பிள்ளையின் வகுப்பில் மொத்தம் எத்தனை பெரியவர்கள், அவர்களில் எத்தனை பேர் கடந்த ஆண்டும் இங்கே இருந்தார்கள், ஸ்பீச் தெரபிஸ்ட் முழு நேரமா, அல்லது வாரத்தில் இரண்டு நாள் வந்து போகிறவரா.

பத்தாம் படி: பக்கத்தில் இல்லாததை நேரில் கேட்பது

ஐடியா சட்டம் 13 வகைக் குறைபாடுகளைக் குறிக்கிறது. ஆனால் ஒரு பள்ளியில் எந்த வகையில் எத்தனை பேர் என்பது பொதுவாகப் பொதுப் பக்கத்தில் இருக்காது. பெற்றோருக்கு மிகவும் தேவைப்படும் விவரம் இதுதான், சிறிய பள்ளியில் கட்டாயம் மறைக்கப்படுவதும் இதுதான். பெயர் கேட்காமல், வகுப்பைப் பற்றிக் கேட்கலாம். எத்தனை பிள்ளைகள் பேசுகிறார்கள், எத்தனை பேர் ஐபேட் போன்ற கருவி வழியாகத் தொடர்புகொள்கிறார்கள், சக்கர நாற்காலி எத்தனை, கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் ஊர்ப் பள்ளிக்குத் திரும்பினார்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் தரும் பள்ளியை நான் அதிகம் நம்புவேன்.

பிள்ளையைக் கட்டாயமாகப் பிடித்து நிறுத்துவது, தனி அறையில் அடைப்பது பற்றியும் கேளுங்கள். 2017-18-ல் நாடெங்கும் பள்ளிகளில் உடல்ரீதியாகப் பிடித்து நிறுத்தப்பட்டவர்களில் 80 சதவீதம் பேர் குறைபாடு உள்ள பிள்ளைகள். சிஆர்டிசி என்ற மத்திய உரிமைக் கணக்கெடுப்பில் பள்ளிவாரியாக இந்த எண் இருக்கும். ஆனால் அங்கே 0 என்று இருப்பதை அப்படியே நம்ப முடியாது. 2015-16-ல் 70 சதவீத டிஸ்ட்ரிக்டுகள் 0 என்று தெரிவித்தன, அந்தக் கணக்கின் தரத்தை மத்திய தணிக்கை அமைப்பான ஜிஏஓவே கேள்விக்குள்ளாக்கியது. எழுத்தில் உள்ள கொள்கையையும், பிடித்து நிறுத்தினால் அன்றே வீட்டுக்குத் தெரிவிப்பார்களா என்பதையும் கேளுங்கள்.

பதினோராம் படி: மீட்டிங்குக்குப் போவது

சேர்த்த எண்களை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மீட்டிங்கில் வாதத்தின் மையம் வேறு ஓர் எண்ணில் இருக்கிறது. 2022-23-ல் ஐடியா சேவை பெற்றவர்கள் சுமார் 75 லட்சம் பேர். பள்ளி வயதில் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பள்ளி நாளின் 80 சதவீதத்துக்கு மேல் வழக்கமான வகுப்பிலேயே இருந்தார்கள். தனிப் பள்ளிகளில் இருந்தவர்கள் 2 சதவீத அளவுதான். அந்தச் சிறு பகுதிக்குள் உங்கள் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்று டிஸ்ட்ரிக்ட் சொன்னால், காரணத்தைச் சொல்ல வேண்டிய பொறுப்பு டிஸ்ட்ரிக்டுடையது. கூடுதல் உதவிகளோடும் வழக்கமான வகுப்பில் முடியவில்லை என்றால் மட்டுமே பிரிக்கலாம் என்கிறது சட்டம்.

சில பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிதான் சரி. நாள் முழுக்க நர்ஸ் தேவைப்படும் பிள்ளை, நூறு பேர் இரைச்சலில் உடைந்து போகும் பிள்ளை அங்கே நிம்மதியாக மூச்சு விடுவதுண்டு. 1975-ல் ஐடியா சட்டம் முதல் வடிவில் வந்தபோது குறைபாடு உள்ள பத்து லட்சம் பிள்ளைகள் அரசுப் பள்ளிக் கதவுக்கு வெளியே இருந்தார்கள் என்று காங்கிரஸ் பதிவு செய்தது. இன்றைய சின்னப் பள்ளிகள் சில அவர்களுக்காகக் கட்டப்பட்டவை.

மாற்றம் செய்வதற்கு முன் டிஸ்ட்ரிக்ட் 'பிரையர் ரிட்டன் நோட்டீஸ்' தர வேண்டும். என்ன மாற்றம், ஏன், வேறு எந்த வழிகளைப் பார்த்து ஒதுக்கினார்கள், எந்த மதிப்பீட்டை ஆதாரமாக வைத்தார்கள் எல்லாம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். அது கையில் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உடன்படவில்லை என்றால் 'டியூ ப்ராசஸ்' எனப்படும் முறையான விசாரணை கோரிப் புகார் கொடுக்கலாம். அது முடியும்வரை பொதுவாகப் பிள்ளை இப்போது இருக்கும் இடத்திலேயே தொடரலாம். இதற்குச் சில மாநிலங்களில் குறுகிய கெடு உண்டு, நியூ ஜெர்சியில் நோட்டீஸ் வந்த 15 நாளுக்குள் செய்ய வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் மத்திய அரசு நிதியில் இயங்கும் பெற்றோர் பயிற்சி மையம் ஒன்றாவது இருக்கிறது. அங்கே இலவசமாக உங்கள் தாளைப் பார்த்துச் சொல்வார்கள். மீட்டிங்குக்கு இரண்டு வாரம் முன்பே அவர்களை அழைத்துப் பேசிவிடுங்கள்.